நெஞ்சுவலி: மூன்றாவது திருத்தம்

திரையில் அவர் பெயர் இருக்கிறது. தயாரித்தவர் என்று போட்டு, பக்கத்தில் டாக்டர் லாம்பர்ட் மச்சாடோ, தலைவர், அவசர சிகிச்சைப் பிரிவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் செத்துப்போன மனிதரின் பெயர் புதன்கிழமை மதியம் இவ்வளவு பெரிய எழுத்தில் சுவரில் நிற்கிறது, எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு பேனா மூடியைக் கழற்றுகிறார்கள். தரக்கட்டுப்பாட்டைப் பார்க்கிற பிரின்சி மட்டும் கூட்டம் ஆரம்பிக்கும் முன்னால் என் பக்கத்தில் குனிந்து, பேரை மாத்தணுமா இப்படியே விடலாமா டாக்டர் என்று கேட்டாள். மாற்றினால் என் பெயரைப் போட வேண்டும். திங்கட்கிழமை அடக்கம் முடிந்து வந்த சாயங்காலமே பிரிவை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. சண்முகவடிவு, பொறுப்புத் தலைவர். அவர் பெயரை அழித்துவிட்டு அந்த இடத்தில் என் பெயர். இப்படியே விடு என்று சொன்னேன். சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, ஞாபகமில்லை. மூன்று நாளாக இப்படித்தான், வாயைத் திறந்து பேசினேனா மனதுக்குள் பேசினேனா என்று பிரித்தறிய முடிவதில்லை. ஏசி காற்று சரியாக என் கழுத்தில் வந்து விழுகிறது. வெளியே தூத்துக்குடி வெயிலில் தார் உருகிக்கொண்டிருக்கும், இங்கே என் விரல் நகமெல்லாம் நீலமாக இருக்கிறது. அடுத்த வாரம் தரச் சான்றிதழ் ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள், அதற்குள் எல்லாப் பாத்வேயையும் திரும்பப் படித்து, திருத்தி, திரும்பக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். பாத்வே என்றால் வேறொன்றுமில்லை, ஒரு நோயாளி வாசலில் வந்து இறங்கியதிலிருந்து யார், எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று எழுதிவைத்த தாள்கள். முதலில் நெஞ்சுவலி. அகர வரிசையும் இல்லை, ஒன்றும் இல்லை, அதுதான் முதலில் தயாராகி வந்தது என்பதால் அது முதலில். அவர் எப்போதுமே எல்லோருக்கும் முன்னால் முடித்துக் கொடுத்துவிடுவார்.

தலைமை மருத்துவர் முதல் பக்கத்தை வாசிக்கிறார். நெஞ்சில் வலி, பாரம், எரிச்சல், தாடையிலோ இடது கையிலோ வலி, காரணம் தெரியாத வியர்வை. இவற்றில் ஏதாவது ஒன்றுடன் வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்கப்பட வேண்டும். வேண்டும் என்பது போதுமா, கட்டாயம் என்று சேர்க்கலாமா என்று யாரோ கேட்கிறார்கள். பத்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பத்து நொடியில் ஈசிஜி எடுத்தோம். எடுத்து என்ன. அண்டை வீட்டுக்காரர் காரின் பின் இருக்கையிலிருந்து அவரை இறக்கும்போதே கை தொங்கிய விதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் தெரியாதது மாதிரி தள்ளுவண்டியோடு ஓடினேன். ஓடும்போது என் கால் செருப்பு ஒன்று கழன்று வாசலிலேயே கிடந்தது, அதை இன்னும் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, நான் போய்க் கேட்கவும் இல்லை. பனியனை வெட்டினார்கள். கழுத்தில் உத்தரியம், பழுப்புத் துணியில் மாதா படம், சரியாக நடு நெஞ்சில் கிடந்தது. அதைக் கழற்றத் தோன்றவில்லை, ஓரமாக நகர்த்திவிட்டு அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். அழுத்து வடிவு, இன்னும் ஆழமா அழுத்து, விலா ஒடிஞ்சா ஒட்டிக்கிடும், மூளை போனா வராது. நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தையல்காரர் நெஞ்சின் மேல் நான் பயந்து பயந்து கையை வைத்தபோது பின்னால் நின்று அவர் சொன்னது. அதே குரல். அதே குரல் இப்போது என் கைக்குக் கீழே படுத்திருக்கிறது. ஒடிந்தது. நான் உணர்ந்தேன், இடதுபக்கம், காய்ந்த விறகு முறிகிற மாதிரி. அந்த முறிவு இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது. இப்போது மேசைக்கு அடியில் கையைத் தொடை மேல் வைத்திருக்கிறேன், மணிக்கட்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கட்டாயம் என்று சேர்த்துவிடலாம் என்று முடிவாகிறது. பிரின்சி தட்டச்சு செய்கிறாள். நான் தலையாட்டுகிறேன். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். சாவுக்கு முன்னால் என்ன செய்ய வேண்டுமோ அதெல்லாம் இதில் இருக்கிறது, வரிசையாக இருக்கிறது, எழுதியவர் உயிரோடு வாசலுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

மடியில் கைப்பேசி அதிர்கிறது. ஹில்டா அக்கா. எடுக்கவில்லை. அவர் மனைவி. எனக்கு அக்கா முறையில்லை, சாதியில்லை, மதமில்லை, கோவில்பட்டியிலிருந்து வந்து லேடீஸ் ஹாஸ்டலில் தனியாகக் கிடந்தவளை ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிட்டுச் சோறு போட்டதில் அக்காவாகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவசரப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பூசைக்குக் கட்டிய கிரீம் கலர் சேலையில், தலையில் முக்காடு கூட எடுக்காமல் நின்றாள். நான் வெளியே வந்து ஒன்றும் சொல்வதற்கு முன்னால் அவள் ஒன்று கேட்டாள். அடக்கத்தன்று கல்லறையில் கேட்டாள். நேற்று இரண்டு முறை போனில் கேட்டாள். ஒரே கேள்வி. விடியக்காலையில் எழுந்து உட்கார்ந்தாராம். நெஞ்சுக்குழியில் எரிகிறது, நேற்று ராத்திரி தின்ற நண்டு ஒத்துக்கொள்ளவில்லை என்றாராம். இவள் ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்திருக்கிறாள். நெற்றி வியர்த்திருந்தது, ஃபேனை வேகமாக வைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்றதற்குச் சிரித்தாராம், ஆஸ்பத்திரியே உங்கூடத்தான படுத்துக்கிடக்கு என்று. அப்புறம் கோவில் மணி அடித்ததும், பூசைக்கு நேரமாகுது நீ போ, நான் சாயங்காலப் பூசை பாத்துக்கிடுதேன் என்று அவரே எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டாராம். தவக்காலம், ஞாயிற்றுக்கிழமை, பூசையை விடக்கூடாது என்று போனாளாம். திரும்பி வந்தபோது சோபாவில் சாய்ந்திருந்தாராம், டிவி ஓடிக்கொண்டிருந்ததாம். நான் போகாம இருந்திருந்தா வடிவு. இதுதான் கேள்வி. எரிச்சல், வியர்வை. இந்தத் திரையில் இருக்கிற முதல் வரி. அந்த வரியை எழுதியவருக்கு அதே வரி வந்தபோது ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். நீ இருந்திருந்தால் ஒன்றும் மாறியிருக்காது அக்கா என்று சொல்லிவிடலாம். எல்லோருக்கும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் மாறியிருக்கும். ஏழு நிமிடத்தில் வந்துவிடுகிற தூரத்தில் வீடு. மாறியிருக்கும் என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும், அதனால்தான் என்னிடமே கேட்கிறாள். பிறகு பேசலாம் அக்கா, பிறகு பேசலாம் அக்கா என்று மூன்று நாளாக ஓடிக்கொண்டிருக்கிறேன்.

நாலாவது பக்கத்தில் ஒரு வரி சிவப்புக் கோட்டால் அடிக்கப்பட்டிருக்கிறது. தலைமை மருத்துவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை வாசிக்கிறார். பரிசோதனையில் இதய அடைப்புக்கான அறிகுறி இருந்து, நோயாளி மேல்சிகிச்சையை மறுத்தாலோ தள்ளிப்போட்டாலோ, குடும்பத்தில் ஒருவருக்கு மருத்துவர் நேரடியாகத் தெரிவிக்க வேண்டும். ஓரத்தில் குறிப்பு, லாம்பர்ட் மச்சாடோ, நோயாளியின் விருப்பம் முக்கியம், நீக்கலாம். இதென்ன, இதை அவர்தானே சண்டை போட்டுச் சேர்த்தார் என்கிறார் தலைமை மருத்துவர். ஆமாம், அவர்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒருவர், பெயர் மறந்துவிட்டது, முகம் மறக்கவில்லை, மீசையில் ஒரு பக்கம் மட்டும் நரை. ஈசிஜியில் மாற்றம் இருந்தது, படுக்கச் சொன்னோம், வீட்டில் சொல்லிவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று போனார். வீட்டில் சொல்லவில்லை. அன்று ராத்திரியே செத்துப்போனார். இரண்டு நாள் கழித்து அவர் மனைவி வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்துகொண்டு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே என்றதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு லாம்பர்ட் சார் சாப்பிடவில்லை. அடுத்த கூட்டத்திலேயே இந்த வரியைக் கொண்டுவந்தார். இதய சிகிச்சை நிபுணர் ஆவுடையப்பன் எதிர்த்தார், நோயாளி வேண்டாமென்று சொன்னதை நாம் எப்படி வெளியே சொல்வது என்றார். சட்டம் பெரிசா, அந்தப் பொம்பள பெரிசா என்று லாம்பர்ட் சார் மேசையில் தட்டியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதே கை, அதே வரியை, போன மாதம் அடித்திருக்கிறது. ஏன் அடித்தார். என்னிடம் ஏன் சொல்லவில்லை, ஒவ்வொரு திருத்தத்தையும் காட்டுவாரே, ஒரு கால்புள்ளியைக்கூடக் காட்டுவாரே. ஆவுடையப்பனைப் பார்க்கிறேன். தன் வாதம் ஜெயித்துவிட்டது என்று அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்க்கிறேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, தன் முன்னாலிருக்கிற தண்ணீர் பாட்டிலின் லேபிளை நகத்தால் கிழித்துக்கொண்டிருக்கிறார். டீ வந்துவிட்டது, குடித்துவிட்டுப் பேசுவோம் என்கிறார் தலைமை மருத்துவர்.

டீயும் பருப்பு வடையும். வடையைக் கையில் எடுத்தேன், எண்ணெய் விரலில் ஒட்டியது, சாப்பிட முடியும் என்று தோன்றவில்லை, திரும்ப வைக்கவும் முடியவில்லை. ஆவுடையப்பன் என்னைக் கண்ணால் ஜன்னலோரம் கூப்பிட்டார். கூச்சமான மனிதர், பத்து வருடத்தில் என்னோடு வேலையைத் தவிர ஒன்றும் பேசியதில்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம், அதன் கீழே ஆம்புலன்ஸ் டிரைவர்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அந்த வரிய ஏன் அடிச்சார்னு எனக்குத் தெரியும் டாக்டர். தவக்காலம் தொடங்கறதுக்கு முந்தின வாரம் எங்கிட்ட வந்தார். மாடி ஏறினா மூச்சு வாங்குதுன்னார். டிரெட்மில்ல நடக்க வெச்சேன். மூணாவது நிமிஷமே நிறுத்திட்டேன்."

நான் ஏதோ கேட்டிருக்க வேண்டும், அவர் பதில் சொன்னார். அன்றைக்கே ஆஞ்சியோ செய்யலாம் என்றாராம். பெண்ணுக்கு ஈஸ்டர் முடிந்து கல்யாணம், மண்டபம் பேசியாயிற்று, இப்போது நான் படுத்தால் வீட்டில் எல்லோரும் கல்யாணத்தைத் தள்ளிவைத்துவிட்டு என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்கள், கல்யாணம் முடிந்த மறுநாள் வந்து படுக்கிறேன் என்றாராம். மாத்திரை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டாராம். பாத்வேப்படி ஹில்டாவிடம் சொல்ல வேண்டும் என்று ஆவுடையப்பன் ஞாபகப்படுத்தியதும், சிரித்துக்கொண்டே, நீங்கதான அந்த வரியே வேண்டாம்னீங்க என்றாராம். பத்து நாள் கழித்து இந்தத் திருத்தம் வந்ததாம்.

"நான் சொல்லியிருக்கணும். நீங்க ஹில்டாம்மாவுக்கு நெருக்கம். சொல்றதா வேண்டாமான்னு நீங்களே பாத்துக்கிடுங்க. எனக்கு அந்த வீட்டுப் படி ஏற முடியல."

அவர் போய் உட்கார்ந்துவிட்டார். நான் ஜன்னலோரத்திலேயே நிற்கிறேன். கூட்டம் திரும்பத் தொடங்கியிருக்கிறது, அழைக்கிறார்கள், வந்து உட்காருகிறேன், வடை இன்னும் கையில் இருக்கிறது. தெரிந்திருக்கிறது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. தாள் கைக்குட்டையில் வடையைச் சுற்றுகிறேன். தெரிந்துகொண்டே என்னோடு நைட் டியூட்டி பார்த்திருக்கிறார், தெரிந்துகொண்டே தள்ளுவண்டியைப் பிடித்து ஓடியிருக்கிறார். போன வெள்ளிக்கிழமை லிஃப்ட் பழுது, நான் படியில் விடுவிடுவென்று ஏறிப் போய்த் திரும்பிப் பார்த்தால் நடுப்படியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசினாரா. போன் காதில் இருந்தது, வாய் அசையவில்லை. நான் மேலே நின்று, என்ன சார் அக்காகிட்ட திட்டு வாங்குறீங்களா என்று கேட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார், கை காட்டினார், நீ போ என்று. நீ போ. அவளிடமும் அதையே சொல்லியிருக்கிறார். கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். விடியக்காலையில் நெஞ்சு எரிந்தபோது நண்டு என்று அவர் நம்பினாரா. எப்படி நம்புவார். ஒருவேளை நம்பினார். நாங்களெல்லாம் எங்கள் உடம்பென்று வந்தால் படிக்காதவர்களாகிவிடுகிறோம், நானே கட்டி ஒன்று வந்தபோது நாலு மாதம் கொழுப்பு என்று தடவிக்கொண்டிருந்தவள்தான். இல்லை, நம்பவில்லை. தெரிந்திருக்கிறது, அவளுக்கு முன்னால் விழக்கூடாது என்று அனுப்பியிருக்கிறார். இல்லை, அவள் போனதும் எங்களுக்கு போன் செய்யலாம் என்று சோபாவில் உட்கார்ந்திருப்பார். போன் எங்கே இருந்தது. கையிலா, மேசையிலா. கேட்கத் தோன்றவில்லையே. டிவியைப் போட்டிருக்கிறார், அப்படியென்றால் பயமில்லை. அல்லது பயந்தவர்கள்தான் டிவியைப் போடுவார்கள். ஒவ்வொரு முறையும் அந்த சோபா வரை போய் நான் திரும்பி வருகிறேன், உள்ளே போக முடியவில்லை. திரையில் சிவப்புக் கோடு. நீக்கலாமா வைக்கலாமா, அவசரப் பிரிவு என்ன சொல்கிறது என்று கேட்கிறார்கள். அவசரப் பிரிவு நான்தான் என்று உறைக்கக் கொஞ்ச நேரமாகிறது. கைப்பேசி அதிர்கிறது. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே வருகிறேன்.

வராந்தாவில் வெயில் முகத்தில் அறைந்தது. பினாயில் வாசனை, யாரோ குழந்தையை ஊசிக்குச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஹில்டா அக்காவின் குரல் அழுத குரலாக இல்லை. வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள், அடுப்படிக்கு வந்து பேசுகிறேன் என்றாள். ஏழாம் நாள் பூசைக்கு நேரம் குறித்திருக்கிறார்கள் என்றாள். பிறகு, இன்றைக்கும் ஓடாதே வடிவு, எனக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடு, அப்புறம் கேட்கமாட்டேன் என்றாள்.

"நான் அவரைக் கொன்னுட்டேனா?"

பொய் தயாராக இருந்தது, நாக்கில் இருந்தது. நல்ல பொய், எத்தனையோ வாசல்களில் சொல்லித் தேய்ந்த பொய். அது ஏன் வெளியே வரவில்லை என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. கிரேன்காரரின் மனைவி எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தது கண்ணில் வந்தது, அதனால் என்று சொல்லலாம். உண்மையில் நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. இல்லக்கா, அவருக்கே தெரியும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. மூச்சு வாங்கியது, டிரெட்மில், ஆஞ்சியோ, கல்யாணம் முடியட்டும் என்றது, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றது, எல்லாவற்றையும் நோயாளியின் உறவினருக்குச் சொல்கிற குரலில், இடையில் நிறுத்தி, புரியும்படியாக, வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தக் குரலை வெறுத்தேன்.

அந்தப் பக்கம் குக்கரில் ஆவி வருகிற சத்தம் மட்டும் வந்தது. லைனில் இருக்கிறாளா என்று பார்த்தேன், இருந்தாள். பிறகு, தவக்காலத்துக்கு முந்தின வாரமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த வாரம்தான் அவளும் அவரும் பெண்ணுக்குச் சேலை எடுக்க மதுரைக்குப் போயிருந்தார்களாம். கடையில் மூன்றாவது மாடி. அவர் கீழேயே நின்றுகொண்டு, நீங்க எடுத்துட்டு வாங்க, எனக்குப் பொம்பளச் சேலயப் பத்தி என்ன தெரியும் என்றாராம். நான் திட்டினேன் வடிவு, எல்லார் முன்னாடியும் திட்டினேன், மகளுக்குச் சேல எடுக்க மாடி ஏறிவர முடியாதா உங்களுக்குன்னு. அதைச் சொன்னபோதுதான் குரல் உடைந்தது, ஆனால் உடனே சரியாகிவிட்டது.

"அப்போ தெரிஞ்சுதான் என்னப் பூசைக்குப் போகச் சொன்னாரா?"

"தெரியலக்கா. நண்டுன்னு நெசமாவே நெனச்சிருக்கலாம்."

"ஓமத் தண்ணிய முழுசாக் குடிச்சார். நல்லாருக்குன்னார்."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். சுவர் சுட்டது. அக்கா, ஒங்க தப்பு ஒண்ணுமில்ல, அதுக்காகத்தான் சொன்னேன் என்றேன். அவள் கோபமாகப் பதில் சொல்லவில்லை. என்னைக் குறை சொல்வது போலவும் இல்லை. கணக்கில் எங்கோ பிசகிவிட்டது, எங்கே என்று தேடுகிறவள் போலச் சொன்னாள்.

"என் தப்பாவே இருந்திருக்கலாம் வடிவு. என் தப்புன்னா போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணியிருப்பேன், சாமியார் ஏதாச்சும் அபராதம் குடுத்திருப்பார், செஞ்சு முடிச்சிருப்பேன். இத எங்க கொண்டுபோய்ச் சொல்ல?"

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வாரேன் என்று அங்கே சொல்லிவிட்டு, மகளிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதே, அவள் கல்யாணமே வேண்டாம் என்பாள் என்றாள். போனை வைத்துவிட்டாள். அப்படியென்றால் இப்போது அவளும் மறைக்கப் போகிறாள். அவர் மறைத்த அதே கல்யாணத்துக்காக, இன்றிலிருந்து அவள். ஆவுடையப்பன் கையிலிருந்தது என் கைக்கு வந்து, நான் அதை அவள் கையில் கொடுத்திருக்கிறேன். நன்மை செய்தேனா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். உடம்பு முழுக்க மரத்துப்போயிருந்தது, பல் வைத்தியர் ஊசி போட்ட உதடு மாதிரி, என்னுடையதுதான், ஆனால் என்னுடையது இல்லை.

கதவைத் திறந்து பிரின்சி தலையை நீட்டினாள், எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்றாள். உள்ளே போனேன். உட்காராமல் நின்றுகொண்டே, அந்த வரியை நீக்க வேண்டாம் என்றேன், ஆனால் இப்படியே வைக்கவும் வேண்டாம். மருத்துவர் சொல்லக் கூடாது. நோயாளியே வீட்டாரிடம் சொல்ல வேண்டும், நம் அறையில் உட்கார்ந்து, நாம் பக்கத்தில் இருக்கும்போது சொல்ல வேண்டும், அதற்கு நாம் உதவ வேண்டும், அப்படி எழுதுங்கள் என்றேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. பிரின்சி தட்டச்சு செய்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறின. ஆவுடையப்பன் முதன்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சொல்லிவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. மெதுவாக, யாரையும் எதிர்க்காமல், மெய்யாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல அவர் கேட்டார்.

"அதுக்கும் மாட்டேன்னா?"

அதற்கும் மறுத்தால் என்று பிரின்சி அடித்துவிட்டு, மீதியை நான் சொல்வேன் என்று விரல்களை விசைப்பலகையின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியவில்லை என்றேன். இன்றைக்கு என்னால் இதில் கையெழுத்துப் போட முடியாது, ஹில்டா அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றேன். பையை எடுத்தேன். கதவருகில் வந்தபோது பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, ஆவுடையப்பன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார், அது அவர் முகத்தில்தான் இருந்தது. இருங்க டாக்டர், நானும் வாரேன் என்றார்.